ஒன்பது விரல்களுக்குச் சிவப்பு

ஒஸ்ட்ராவாவில் எட்டாம் எண் டிராம் ஓட்டும் டிராஹோமிரா
மகள் கல்யாணத்துக்குச் சிவப்புக் கேட்டு
என் மேசையில் கைகளை வைத்தாள்.
"தக்காளிச் சிவப்பு வேண்டாம். சண்டைச் சிவப்பு."

பழைய பூச்சைக் கரைத்தேன்.
அசிட்டோன் வாடைக்கு இருமினாள்.
வாடை போன பிறகும் இருமினாள்.

பஞ்சு விலகியதும் தெரிந்தது:
கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி
உப்பிக் கவிழ்ந்த நகங்கள்.
விரல் நுனிகள் முரசுக்கோலின் தலை.
நகத்தின் வேரில் அழுத்தினேன்,
ஈர மண்ணாய் அமுங்கியது.

எனக்குத் தெரிந்த செக் மொழி
நிறங்களும் விலைகளும்,
நீளமா குட்டையா, கையை அசைக்காதே.
நுரையீரலுக்கு இவர்கள் என்ன சொல்வார்கள் என்பது
பதினோரு வருடத்தில் தேவைப்பட்டதில்லை.

அதனால் காட்டினேன்.
என் மோதிர விரல்கள் இரண்டையும் மடக்கி
நகத்தோடு நகம் முதுகு சேர்த்து
விளக்குக்கு நேரே பிடித்தேன்.
நடுவில் எள்ளளவு வெளிச்சம்,
சீட்டுக்கட்டு டைமன் வடிவத்தில்.

அவளும் செய்தாள்.
வரவில்லை.
விரலைத் திருப்பினாள், விளக்கை இழுத்துப் பார்த்தாள்,
பிறகு என்னைப் பார்த்தாள்
நான்தான் ஜன்னலைச் சாத்திவிட்டதுபோல.

"அப்பாவுக்கும் இப்படித்தான். சுரங்கத்து விரல்" என்றாள்.
இருக்கலாம்.
சில குடும்பங்களில் சும்மாவே இப்படி இருக்குமாம்.
ஹைபோங் ஆஸ்பத்திரியில் என் அண்ணனின் விரல்களைத் தூக்கி
மாணவர்களுக்குக் காட்டிய டாக்டர்
அதையும் சொன்னார்.
அண்ணனுக்கு அது குடும்பத்தால் வரவில்லை.

நான் டாக்டர் இல்லை.
இதை மட்டும் பிழையில்லாமல் சொன்னேன்.
பிறகு வலது ஆள்காட்டி விரலை விட்டுவிட்டு
ஒன்பதுக்குப் பூசினேன்.
அங்கே போனால் விரலில் ஒன்று மாட்டுவார்கள்,
அதற்குச் சிவப்பு ஆகாது என்பதை
என் விரலைத் துணிக்கிளிப்பால் கவ்விக் காட்டினேன்.
சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது.
"ஒன்பதுக்குத்தானே காசு?"

பத்துக்கும் வாங்கினேன்.
பாக்கி இருந்தால் திரும்பி வருவாள்.

நாலாவது வாரம் வந்தாள்.
கல்யாணம் எப்படி என்று கேட்டேன்,
அதற்கு வார்த்தை இருந்தது.
ஒன்பது நகங்களின் அடியிலும்
அரிசி அகலத்துக்குப் புது வளர்ச்சி.
மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை,
இன்னும் வெட்டவில்லை.

ஆள்காட்டி விரலை நீட்டி
"இது பாக்கி" என்றாள்.

பூசலாமா என்று தெரியாமல்
குப்பியைக் குலுக்கிக்கொண்டே இருந்தேன்.