கரையோரம் தவிர

உத்தரவில் எழுதியிருந்தது:
சீமைக்கருவேல், அறுநூறு டன்,
கரையோரம் தவிர.
அந்தத் ‘தவிர’வுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

காட்டுக்குப்பத்துக்குப் பின்னால்
உப்பா நன்னீரா என்று முடிவெடுக்காமல்
கொசஸ்தலை கிடக்கிற இடத்தில்
தண்ணீரிலிருந்து பதினைந்து மீட்டர் அளந்து
மரத்துக்கு மரம் துணி கட்டினேன்.
சிவப்பு நாடா இரண்டே நாளில் தீர்ந்தது.
மீதிக்கு, வண்ணாரப்பேட்டையில்
கிலோவுக்கு நாற்பது என்று வாங்கிய வெட்டுத்துணி:
நைட்டிப் பூ, பள்ளிச் சீருடைக் கட்டம்,
ஒரே ஒரு மரத்துக்குச் சரிகை.

“இன்னா மேடம், மரத்துக்குக் கல்யாணமா?”
என்றான் பொக்லைன் ஓட்டும் லட்சுமிபதி.

தடித்ததெல்லாம் கரையில்தான் நிற்கிறது.
கூலியோ டன் கணக்கு.
அவன் மகளுக்கு மணலியில்
ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி எதுவென்று
எனக்கே தெரியும்,
தினமும் போனில் கத்துகிறானே.

என் கருவி ஒரு டிபன் பாக்ஸ் மூடி.
பாதி வெள்ளை, பாதி கறுப்பு அடித்து
நூல் கட்டி ஆற்றில் இறக்குவேன்.
கண்ணுக்கு மறைகிற ஆழத்தை எழுதுவேன்.
திங்கள், நாற்பத்தொன்று சென்டிமீட்டர்.
செவ்வாய், முப்பத்தொன்பது.

ஒப்பந்தக்காரர் தணிகாசலம்
எதிர்க்கரைப் புகைபோக்கிகளைக் காட்டிக் கேட்டார்:
“சாம்பல் குழாய் ஒடைஞ்சி ஆறே வெளுத்துச்சே,
அப்ப உன் மூடி எங்கம்மா போச்சு?”

பதில் இல்லை.
இந்த ஆற்றை நான் காப்பாற்றவில்லை.
அப்படியொரு பொய்யை
என் நோட்டில் எங்கும் எழுதவில்லை.
என் கணக்கு நூற்றெண்பது மரம்,
அதன் வேர் பிடித்து வைத்திருக்கும் மண்.
அவ்வளவுதான்.

புதன் ராத்திரி மழை.
வியாழன் காலையில் சரிகை
பொக்லைன் தடத்துக்குள் நசுங்கிக் கிடந்தது.
மூன்று மரம் இல்லை.
இருந்த இடத்தில் மூன்று குழி,
குழியிலிருந்து ஆற்றுக்குச்
செம்மண் நாக்கு ஒன்று.
மேலே, வெடித்த ஹோஸிலிருந்து
மயில்கழுத்து நிறத்தில் எண்ணெய்.
அழகாக இருந்தது. அதைத்தான்
இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மூடி பதினொன்றில் மறைந்தது.

எட்டியம்மா அப்போது நெஞ்சளவு நீரில்.
பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு
இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவி
இறால் பிடிக்கிறவள்.
வாயில் பறி இருப்பதால்
கரையேறும்வரை யாரையும் திட்ட முடியாது.
ஏறினாள். பறியை எடுத்தாள். திட்டவில்லை.
“அடி வழவழன்னு கெடக்கு,” என்றாள்,
“கைக்குக் கண்ணு தெரியல.”

அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
படிவத்தில் இருந்தவை:
மரங்களின் எண்ணிக்கை, மூன்று.
கசிவு, சுமார் ஐந்து லிட்டர்.
பொறுப்பானவர் பெயர்.

பேனாவை மூடாமல் நிமிர்ந்தபோது
லட்சுமிபதி யாரும் சொல்லாமலே
முள்ளுக் கிளைகளை அள்ளிவந்து
தடத்துக்குக் குறுக்கே அடுக்கிக்கொண்டிருந்தான்.
கையெல்லாம் கீறல். குழிக்குக் கீழே
சாக்குகளையும் போட்டு மிதித்தான்.
“நிக்குமா மேடம்?”
“தெரியல.”
“பேரு எழுதிட்டியா?”
“எழுதிட்டேன்.”
தலையாட்டிவிட்டு
இன்னொரு கட்டு முள்ளுக்குப் போனான்.

வெள்ளி, பதினான்கு.
சனி, பதினெட்டு.
ஞாயிறு எனக்கு விடுமுறை, மூடிக்கு இல்லை:
இருபத்து மூன்று.

திங்களன்று மீஞ்சூர்ப் பக்கம் மறுபடி கறுத்தது.
மீதி மரங்களின் முடிச்சுகளை
ஒவ்வொன்றாய் இறுக்கிக்கொண்டு வந்தேன்.
துணி மழையைத் தடுக்காது.
கைக்கு வேறு வேலை இல்லை.

அந்த நசுங்கின சரிகையை
எட்டியம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள்.
பறியின் ஓரம் பிய்ந்துவிட்டதாம்.
வாய்க்குக் குத்துகிறதாம்.