வஃப்ராவில் டிசம்பர்

ஒன்பது கோழி. இருபத்திரண்டு நாளாய்
பெட்டியில் வைக்கோல் மட்டும்.
இறகு உதிர்ந்து கழுத்துத் தோல் தெரிய
கடன் வாங்கியவர்கள்போல
என் முகம் பார்க்காமல் நடக்கின்றன.

"இரண்டு வெள்ளிக்குள் முட்டை இல்லையென்றால் மச்பூஸ்"
சிரித்துக்கொண்டே சொல்லிப் போனார் அபு மிஷாரி.
சிரித்துக்கொண்டு சொல்வதை
அவர் செய்துவிடுவார்.

குளிர் இல்லை காரணம், என்கிறான் சப்ரி,
தன்தாவில் பண்ணை வேலை பார்த்தவன்.
பகல் பத்தரை மணிதான். கோழி கேட்பது பதினாலு.
கண்ணை மூடினாலும் அதன் மண்டையோட்டுக்குள்
வெளிச்சம் இறங்கிக் கணக்கு எழுதுமாம்.

மோட்டார் அறையிலிருந்து ஒயர் இழுத்தேன்.
மஞ்சள் பல்பு, நாற்பது வாட்.
முதல் இரவு ஒன்பதுக்கு அணைத்தேன்.
அணைத்த பிறகுதான் தெரிந்தது
ஒன்றுகூடக் கம்பில் ஏறியிருக்கவில்லை.
நின்ற இடத்திலேயே நின்றன, ஒரு காலைத் தூக்கியபடி ஒன்று.
போனை வாயில் கவ்வி, அந்த வெளிச்சத்தில்
ஒவ்வொன்றாய்த் தூக்கி வைத்தேன்.
இவ்வளவு இறகுக்குள்
இவ்வளவு கொஞ்சம்தானா கோழி?

அதிலிருந்து மாலையில் இல்லை, விடியலில்.
டைமர் மூன்றரைக்கு.
பல்பு எரிந்தால் நானும் எழுந்துவிடுகிறேன்,
என்னிடம் யாரும் முட்டை கேட்காவிட்டாலும்.
வெந்நீரில் ஊறிய கோதுமை.
கைரான் கரையில் பொறுக்கி இடித்த சிப்பி.
எல்லோருக்கும் கடைசியாய்த் தின்ன வரும்
கறுப்பிக்கு புக்ரா என்று பேர்.
சம்பளம் கேட்கும்போதெல்லாம்
எனக்குக் கிடைக்கும் பதில் அது.

பெட்டியில் முட்டை கிடந்தால்
பார்த்துப் பார்த்து இடும் என்றான் சப்ரி.
ஜம்இய்யாவில் ஆறு வாங்கினேன்.
ஓட்டில் சிவப்பு மையில் தேதி.
வினிகர் தொட்டுத் தேய்த்தேன்,
ஒன்றில் மட்டும் ஏழு என்ற எண் போகவே மாட்டேன் என்றது.
அதை வைக்கோல் பக்கம் திருப்பி வைத்தேன்.

கோழிக்கு வைத்ததை
வெள்ளி காலை அபு மிஷாரி பார்த்துவிட்டார்.
வாய் திறக்கத்தான் போனேன்.
அதற்குள் அவர் பேரன் ஒன்றை எடுத்து
கன்னத்தில் வைத்து, "சூடு!" என்று கத்தினான்.
வெயில்பட்ட சூடு.
ஆறும் காரில் ஏறிப் போய்விட்டன,
அந்த ஏழோடு.

செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு
பல்புக்குக் கீழே ஒரு கேவல்.
ஓடில்லாத தோல் முட்டை,
அழுத்தினால் விரல் தடம் பதிகிறது.
இட்டது புக்ரா.
இன்னும் கொஞ்சம் சிப்பி இடித்தேன்.

அடுத்த வெள்ளி நாலு, நிஜமாய், பழுப்பாய்.
ஒன்றில் ரத்தக் கோடு. துடைக்காமல் கொடுத்தேன்.

இரவு போன் வந்தது.
நல்ல முட்டைதான், ஆனால்
போன வாரத்து ருசி இல்லையாம்.
அப்போது என்ன தீனி போட்டாயோ
அதையே போடு என்கிறார்.