இருபத்தெட்டு நாள்

இன்று பதினொன்றாம் நாள்.
வங்கிக் கணக்கில் எனக்கு
எழுபத்து மூன்று இலட்சம்.
ஏடிஎம் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டு
ஆயிரம் ரூபாய்கூட எடுக்காமல்
வெளியே வந்தேன்.

காசு உவர்மலை யோகரத்தினம் முதலாளியுடையது.
வட்டி மட்டும் என்னுடையது.
இருபத்தெட்டு நாள் அது என் பெயரில் படுத்திருக்க வேண்டும்.
எழுப்பினால் விசா இல்லை.
நூற்றுக்கு மூன்று என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.
நான்கு.

பஸ் நிலையத்தில் மான் ஒன்று
யாரோ எறிந்த போட்டோக்கொப்பியைத் தின்கிறது.
எங்கள் முகவரின் தாளாகவும் இருக்கலாம்.
எங்கள் பட்ச்சில் ஆறு பேருக்கும் அவன் எழுதித் தந்தது ஒரே கடிதம்:
சிறுவயது முதலே எமக்கு
விநியோகச் சங்கிலி முகாமைத்துவத்தில் பேரார்வமாம்.

சிறுவயதில் என் ஆர்வமெல்லாம்
சீனக்குடாவில் இறங்கும் விமானத்தின்
சக்கரம் எப்போது வெளியே வரும் என்பதில்தான்.

கடைசிக் கேள்வி:
படிப்பு முடிந்ததும் நாடு திரும்புவீர்களா?
"ஓம் எண்டு போடுங்கோ, காரணத்த நான் போடுறன்."
ஆழமான இயற்கைத் துறைமுகம் ஒன்று
என் சேவைக்காகக் காத்திருக்கிறது என்று போட்டான்.

நேற்று உட்துறைமுக வீதியில் நின்று பார்த்தேன்.
மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பல்,
அதைச் சுற்றி எண்ணெய் படிந்த தண்ணீர்.
யாருக்காகவும் காத்திருப்பதாகத் தெரியவில்லை.

நான்கு வருசப் பட்டம்
ஆறாவது வருசத்தில் நிற்கிறது.
பகிஷ்கரிப்பு, கொரோனா, பெற்றோல் வரிசை,
பிறகு விரிவுரையாளரே கனடா போய்விட்டார்.
அவர் விட்டுப்போன பாடத்தை
இன்னும் யாரும் எடுக்கவில்லை.

றிஸ்மியாதான் ஏழாவது ஆள்.
கிண்ணியாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வளாகத்துக்கு வருவாள்,
பின்வாங்கில் தூங்குவாள்,
பரீட்சையில் எங்கள் எல்லாருக்கும் மேலே நிற்பாள்.
முகவரிடம் போய்
தன் பெயரை வெட்டிவிட்டு வந்தாள்.

கன்ரீனில் என் கொப்பியை இழுத்து
பென்சிலால் கணக்குப் போட்டாள்:
கட்டணம், வட்டி, அறை வாடகை,
கிழமைக்கு இருபது மணித்தியால வேலை.
"கடன் முடிய நாலு வருசம் ஏழு மாசம்.
வருத்தம் வந்து படுக்கிற நாள் சேர்க்கல்ல."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
"போறதுதானே?"
"ஓம்."
கூட்டுத்தொகையை அழித்தாள்.
குளிர்ச்சட்டைக்கு ஒரு வரி சேர்த்தாள்,
சப்பாத்துக்கு ஒன்று,
மறுபடி கூட்டினாள்.

இன்னும் பதினேழு நாள் நான் பணக்காரி.
தேத்தண்ணிக்கு
அவள்தான் காசு கொடுத்தாள்.