தூதனுக்குப் பதினொரு வரி

பகாவ் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
இருபத்து நான்கு மணி நேர டோபி.
மூன்றாம் எண் இயந்திரத்தில்
அப்பாவின் ஆலைச் சட்டைகள்
செம்பனை எண்ணெய் வாடையோடு மல்லுக்கட்டுகின்றன.
நான் ஐந்தாம் அங்கத்தோடு.

நாளை கட்டுரை. நாற்பது நிமிடம், இருபத்தைந்து புள்ளி.
'மன்னனின் வீழ்ச்சிக்குக் காரணம் விதியா, குணமா? விவாதிக்க.'
ஹுய் மின் குணம் என்கிறாள்.
பிரவினா விதி என்கிறாள்;
அவளுக்கு எல்லாமே விதிதான், கணக்குப் பாடம்கூட.
மிஸ் ஓங் சொல்லிவிட்டார்:
எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரி, மேற்கோள் வேண்டும்.

மஞ்சள் மையில் ஆணவம்.
இளஞ்சிவப்பில் சகுனங்கள்.
பச்சை, அரசியின் கண்ணீரிலேயே தீர்ந்துபோனது.

கதை எளிதுதான்.
மழையிரவு. கோட்டைக் கதவை யாரோ தட்டுகிறார்கள்.
எவன் வந்தாலும் திறப்பதில்லை என்று
சபை நடுவே சத்தியம் செய்திருக்கிறான் மன்னன்.
தட்டுவது மகன்.
அது தெரிந்த ஒரே ஆள் தூதன்.
அவன் வந்து சேர்வதற்குள்
தட்டும் சத்தம் நின்றுவிடுகிறது.

தூதனுக்குப் பெயர் இல்லை.
பாத்திரப் பட்டியலின் அடியில்
காவலர், பணிப்பெண்கள், ஒரு தூதன்.
பதினொரு வரி பேசுகிறான்.
பிறகு எங்கே போனான்,
ஈரத்துணி மாற்றினானா, சாப்பிட்டானா,
நாடகாசிரியர் எழுதவில்லை.

வடக்கு வாயிலிலிருந்து அரண்மனைக்கு
அரை நாழிகைத் தூரம் என்று இரண்டாம் அங்கத்தில் வருகிறது.
இவனுக்கு ஓர் இரவு பிடித்திருக்கிறது.
குதிரை இடறியது என்கிறான்.
நான் நம்பவில்லை.
வாசல் வரைக்கும் வந்திருப்பான்.
எந்தச் சொல்லில் தொடங்குவது என்று
அங்கேயே நின்றிருப்பான்.

கைப்பேசியில் மூன்று நாளாக ஒரு குரல்பதிவு.
அண்ணன். பாசிர் கூடாங்கிலிருந்து.
பின்னணியில் லோரிகள் பின்னுக்கு நகரும் கீச்சொலி.
"சனிக்கிழமை பஸ்ஸுல வரேன்.
அப்பாகிட்ட நீயே சொல்லிடு, யசோ.
வேணான்னு சொன்னாருன்னா மெசேஜ் போடு,
கெமாஸ்லயே இறங்கிக்கிறேன்."

இன்று வியாழன்.

"அவன் பேர இந்த வீட்டுல" என்று
அப்பா ஆரம்பித்தது போன தீபாவளிக்கு முந்தின வாரம்.
முடிக்கவில்லை.
சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு
இரவு ஷிப்டுக்குப் போய்விட்டார்.
எங்கள் வீட்டில் முடியாத வாக்கியங்கள்தாம் சட்டம்.

முதல் நாள் அவருக்குத் தலைவலி.
நேற்று ஆலையில் கொதிகலன் பழுது.
இன்று பசியாறும்போது சொல்லத்தான் இருந்தேன்.
ரொட்டிக்குச் சார்டின் கேட்டார்,
எடுத்துக் கொடுத்தேன்.
குதிரை இடறியது.

உலர்த்தும் இயந்திரத்துக்கு ஒரு வெள்ளி குறைந்தது.
தோட்டத்தில் குலை வெட்டும் வங்காளதேசப் பையன்
கேட்காமலே காசை நீட்டினான்.
அவன் மடியில் ஒரே ஒரு போர்வை, இன்னும் சொட்டச்சொட்ட.

முடிவுரையில் எழுதினேன்:
'தூதன் நேரத்துக்கு வாய் திறந்திருந்தால்
இந்த நாடகம் மூன்றாம் அங்கத்தோடு முடிந்திருக்கும்.'
படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.
மிஸ் ஓங் ஓரத்தில் எழுதப்போவதும் தெரிகிறது:
கேள்விக்கு அப்பாற்பட்டது.
கோடு போட்டு அடித்தேன்.
ஆணவம் என்று மறுபடி தொடங்கி, மஞ்சளைத் தேடினேன்.

சட்டைகள் சூடாக வந்தன.
ஒவ்வொன்றாக மடித்தேன், காலரை இரண்டு தடவை.
கண்ணாடிக்கு வெளியே மோட்டார் சைக்கிள்.
அப்பா ஹாரன் அடிப்பதில்லை.
தலைக்கவசத்தைக் கழற்றாமல், விளக்கை அணைக்காமல்
எத்தனை நேரமானாலும் நிற்பார்.

கதவில் 'தள்ளு' என்று மலாயில் எழுதியிருக்கிறது.
முதல் வரி 'அப்பா' என்று தொடங்கும்.
மீதிப் பத்தையும்
நான் மனப்பாடம் செய்யவில்லை.