ஒற்றைக் குருத்து

நிறுவனத்தின் வரைபடத்தில் எங்கள் தெரு
சிவப்புக் கோட்டுக்கு உள்ளே.
கீழே இரும்பைத் தோண்டத் தோண்ட
மேலே மண் நெகிழ்கிறது.
கிரூனா எழுந்து கிழக்கே நடக்கிறது.
படிவத்தில் ஒரு கட்டம்: எத்தனை வீடு வேண்டும்?
இசாக் பேனாவை என் பக்கம் நகர்த்தினான்.
இரண்டு என்று எழுதினேன்.
எங்கள் விரிசலுக்கும் ஒரு சாக்கு கிடைத்தது, அவ்வளவுதான்.

நாற்காலிகள் எளிது. கரண்டிகள் அதைவிட எளிது.
செடிகளில்தான் மாட்டிக்கொண்டோம்.

ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
சூரியன் வந்துபோனதாகக் கேள்வி.
ஜன்னலோரம் ஊதா விளக்கின் கீழே
மழைக்காட்டுக்காரர்கள் பதினோரு பேர்,
வாய் இருந்தால் ஹீட்டரைத் திட்டுவார்கள்.

மணிபிளான்ட் தாராள மனசுக்காரி.
அலமாரி உச்சியிலிருந்து தரைவரை தொங்குகிறாள்.
கணுவுக்கு ஒரு விரல் கீழே நறுக்கினால்
ஒவ்வொரு துண்டும் தன்னை
முழுச்செடி என்றே நம்பிவிடும்.
ஜாம் புட்டிகளில் தண்ணீர் நிரப்பி
ஆறு துண்டு அவனுக்கு, எட்டு எனக்கு.
எண்ணிக்கையை அவன் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

மான்ஸ்டெராவுக்கு ஏறத்தான் தெரியும்.
பாசிக்கம்பு தீர்ந்ததும் திரைச்சீலை,
அதுவும் தீர்ந்ததும் மூலையில் கிடந்த தூண்டில்,
கடைசியில் சுவர்.
காற்றுவேரைப் பிரித்தபோது பெயின்டும் உரிந்து வந்தது.
"இடிக்கப்போகிற சுவர்தானே, குன்வோர்."
தெரியும்.
இருந்தாலும் அந்த இடத்தைக் கையால் தடவி மூடினேன்.

வெல்வெட் இலை பிலோடென்ட்ரான் ஏறாது, தொங்காது.
மண்மேல் வயிறு படிய ஊர்ந்து
தொட்டி விளிம்பைத் தாண்டி எங்கோ கிளம்பியிருந்தது.
ஊர்கிறவர்களுக்கு உயரம் எதற்கு, நீளம் வேண்டும்.
வட்டத்தொட்டியில் வைத்தது என் தப்பு.
தண்டைப் புதைத்தது அவன் தப்பு.
பழைய சண்டை, பாதியிலேயே சிரித்துவிட்டோம்.

கலாத்தியாவை ரொட்டிக் கத்தியால் பிளந்தோம்,
வேர் பிரிகிற சத்தம் வெளியே கேட்டது.
குழாய்த்தண்ணீர் கொடுத்தால் இலையோரம் கருகும் ஜாதி.
பத்தொன்பது குளிர்காலமாய்
பால்கனிப் பனியை வாளியில் அள்ளி
ராத்திரி முழுக்க அடுப்பங்கரையில் உருகவைத்து
அறைச்சூடு ஏறியபின் ஊற்றியவன் இசாக்தான்.
இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.
அன்று மாலை இரண்டு பெட்டிகளிலும்
இரண்டு பாதிகளும் ஒரே நேரத்தில்
இலைகளைக் கூப்பித் தூங்கின.

மிச்சம், பறவைக்கூட்டுப் பெரணி.
கணு கிடையாது, கிளை கிடையாது, குட்டி போடாது.
எல்லா இலையும் ஒரே நடுவிலிருந்து சுருள் அவிழ்வது.
கத்தி வைத்தால் இருவருக்கும் இல்லை.
நீ எடுத்துக்கொள். இல்லை, நீ.
உன் வீடு வடக்குப் பார்த்தது, அதற்கு அதுதான் சரி.
உன் குளியலறையில் ஜன்னல் இருக்கிறது, ஈரம் தங்கும்.
இத்தனை மரியாதையாய் நாங்கள் பேசிப் பல வருடம்.

ரூனோ வேனை அரைமணிநேரம் சூடேற்றி நிறுத்தினான்.
வாசலிலிருந்து வேன்வரை பதினான்கு எட்டு.
அந்தக் குளிரில் ஓர் இலை கண்ணாடியாக
அதுவே போதும்.
செய்தித்தாள், போர்வை, சுடுதண்ணீர்ப் பை.
பெரணியை இசாக் தன் தூக்கப்பைக்குள் இறக்கி
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான்,
ஐம்பத்தாறு வயதில், பனியில், காலணிக் கயிறு கட்டாமல்.

இப்போது அது என் குளியலறையில்.
வியாழக்கிழமைகளில் அவன் வருகிறான், வாளியோடு.
ஓரமாய் ஊற்று, நடுவில் ஊற்றினால் குருத்து அழுகும்
என்று எத்தனை முறை சொல்லியாயிற்று.
நடுவில்தான் ஊற்றுகிறான்.

அவன் கிளம்பி, லிஃப்ட் கதவு சாத்தியதும்
தொட்டியை மெல்லச் சாய்த்து
அந்தத் தண்ணீரை வடிக்கிறேன்.
முழுவதும் வடியும்வரை
இரண்டு கையாலும் பிடித்தபடி நிற்கிறேன்.