ஸாஅத்

ஃபஹாஹீல், மூன்றாம் மாடி, வெள்ளி மதியம்.
பாக்கெட்டில் பொன்னிறமாய் ஒரு வடைப் படம்,
மற்றதெல்லாம் அரபி.

கடலை மாவு என்று நினைத்து
ஜெசிந்தா வாங்கி வந்தது.
பிரித்தால் பச்சை வாடை.
"ஃபூல் பயறு" என்றேன்.
"எதுவானா என்ன, எண்ணெயில போட்டா வேகும்."

நாகூர்மீராளுக்கு எழுத்துத் தெரியும்.
ஏழு வயதில் ஓதி முடித்தவள்
விரல் வைத்துக் கூட்டினாள்:
மாஉ. அப்படியென்றால் தண்ணீர்.
மாவுக்கு மாஉ, அது சரி.
அடுத்த வரியில் விரல் நின்றது.
ஸாஅத்.
"இது கியாமத்துக்குச் சொல்றதுக்கா,
உலகம் முடியிற நேரம்.
மாவுல எதுக்குப் போட்டிருக்கான்?"

சிரித்தோம்.
பூண்டு தட்டி, மல்லி கிள்ளி, பிசைந்த கையோடு
உருட்டிப் போட்டோம்.

முதல் உருண்டை இறங்கியது,
ஒரு மூச்சு விட்டது,
கலைந்தது.
கரண்டிக்கு அகப்படாமல் சட்டி முழுக்கப்
பச்சைத் தூள் சுற்றியது.

அப்போதுதான் உறைத்தது எனக்கு.
டயாலிசிஸ் வார்டில் கிழவர்கள்
ஊசி குத்தியதும் கேட்பார்களே,
கம் ஸாஅ?
நான் நாலு விரல் காட்டுவேன்.

மணி நேரம், அடி பைத்தியங்களா.
ஒரு மணி நேரம் ஊறணும்.

ஜெசிந்தாவுக்கு நாலு மணிக்கு வண்டி.
கருகிய தூளைக் குபூஸில் சுருட்டிக்கொண்டு
படியிறங்கினாள்.

மிச்ச மாவைத் தட்டால் மூடியிருக்கிறோம்.
நாகூர்மீராள் ஐந்து நிமிடத்துக்கொரு தரம்
தூக்கிப் பார்க்கிறாள்.
"வந்துடுச்சா?"
"இன்னும் இல்லக்கா" என்கிறாள்,
மாவைப் பற்றி மட்டும் சொல்லாதவள்போல.