சாவிச் சத்தம்

ரியூசன் கொட்டிலில்தான் வகுப்பு. கொக்குவில்,
தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்.
வாங்குகளைச் சுவரோடு தள்ளிவிட்டால்
பதினான்கு பாய் விரிக்கலாம்.
கரும்பலகையில் நேற்றிரவின் இரசாயனம்,
அழிக்க வேண்டாம் என்று வட்டம் போட்டு.
நான் அழிக்கிறதில்லை.

முதல் வருசம் நன்றாகப் படிப்பித்தேன்.
அப்படித்தான் நினைத்தேன்.
பெங்களூரில் இருநூறு மணித்தியாலம் படித்துவந்த வாய்
மூடாமல் ஓடியது.
தொடையை உள்ளுக்குச் சுழற்றுங்கோ,
நெஞ்சைத் திறவுங்கோ,
ஐந்தாம் மூச்சில் ஒரு சமஸ்கிருதப் பெயர்,
அது விளங்காதவைக்கு ஒரு விளக்கம்,
விளக்கம் முடிய முன்னம்
முன்வரிசையில் ஆருக்கோ கால் நடுங்கத் தொடங்கியிருக்கும்.

தவமலர் அக்காவின் மணிக்கட்டை
மூன்று மாதம் திருத்தினேன்.
உள்ளங்கையை முழுக்க ஊன்றுங்கோ, விரலை விரியுங்கோ.
ஓம் ரீச்சர் என்பா. ஊன்றுவா. முகம் கோணும்.
ஒருநாள் ஆட்டோ வரப் பிந்தி வாசலில் நின்ற நேரம்
சும்மா கேட்டேன், எத்தனை மணிக்கு எழும்புவீங்கள் என்று.
இரண்டு மணிக்கு.
நாலு கடைக்கு இடியப்பம். அறுநூறு.
உரல் பிடித்துப் பிழிந்த அந்தக் கையைத்தான் நான்
விடிய ஐந்தரைக்கு
நிலத்தில் ஊன்றச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் சொன்னேன்:
கையைப் பொத்தி ஊன்றுங்கோ அக்கா,
இல்லாட்டி முழங்கையில் நில்லுங்கோ.
அவ்வளவுதான். அவ சிரிக்கவில்லை, நன்றி சொல்லவில்லை.
முகம் கோணாமல் ஏழு மூச்சு நின்றா.
எண்ணியது நான்.

பிறகு ஒரு கொப்பி வாங்கினேன்.
ஆசனங்களின் பெயர் அதில் இல்லை.
பற்றிக்: வள்ளம் தள்ளுறது, வலது தோள்.
சுபத்திரா: வங்கி, குளிரூட்டிக்கு நேர் கீழே கதிரை.
அருள்மதி: பிள்ளை பிறந்து ஐந்து மாதம். இருமப் பயம்.
விமலேஸ்வரன்:
அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

அவர் வாசலுக்குக் கிட்டவே பாய் போடுவார்.
கடைசியில் எல்லாரும் கண் மூடிக் கிடக்க
அவர் முகட்டைப் பார்த்தபடி,
செருப்பு கைக்கெட்டும் தூரத்தில்.
எனக்கோ பூனை நடை. அதில் ஒரு பெருமை.
அன்றைக்கு, அதிசயமாக, அவரும் கண் மூடியிருந்தார்.
ஓசைப்படாமல் போய்க்
குதிக்காலைப் பிடித்து மெல்ல இழுத்துவிட்டேன்.
பயிற்சியில் பாராட்டு வாங்கிய இழுப்பு.

எழும்பின வேகத்தில் பாய் சுருண்டது.
செருப்பைக் கொழுவிக்கொண்டு போனார்.
மூன்று கிழமை வரவில்லை.

வந்தபோது சொன்னது ஐந்து சொல்.
தொட முதல் ஒருக்காச் சொல்லுங்கோ ரீச்சர்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
தவமலர் அக்காவிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விட்டேன்.
இவரிடம் கேட்காமல் விடத் தெரிந்தது.
இரண்டுக்கும் சேர்த்து
அந்தச் சான்றிதழில் ஒரு வரியும் இல்லை.

இப்போதெல்லாம் சவம் என்ற சொல்லை
நான் எடுக்கிறதில்லை. கிடவுங்கோ என்கிறேன்.
கண்ணை மூடலாம், மூடாமலும் விடலாம்.
கதவு திறந்தே கிடக்கும், நுளம்பு வந்தாலும்.
பாய்களுக்கு நடுவே நடக்கிறபோது
ஸ்கூட்டிச் சாவியைக் கைக்குள் கிலுக்கிக்கொண்டு போகிறேன்,
நான் எங்கே நிற்கிறேன் என்று
முதுகுகளுக்குத் தெரிய.

கொழும்பிலிருந்து வந்து பார்த்த சிநேகிதி சொன்னாள்,
அமைதியைக் குலைக்கிறாய்.
இருக்கலாம்.

ரயில் போகிறது. கூரைத் தகரம் அதிர்கிறது.
தவமலர் அக்கா குறட்டை.
விமலேஸ்வரனின் ஒரு கண் திறந்து,
சாவியைக் கேட்டு, மூடுகிறது.
அவருடைய பக்கத்தில் முதல் வரி எழுதினேன்:
செருப்பு, ஒரு அடி தள்ளி.

வெளியே ரியூசன் பெடியள் சைக்கிள் மணி அடிக்கிறாங்கள்.
வாங்குகளைத் திருப்பி இழுக்க வேண்டும்.
இன்னும் இரண்டு நிமிசம், என்கிறேன்,
அவங்களுக்குக் கேட்காத குரலில்.